விலை கூடிய ராட் (தூண்டில் கோல்), ரீல் (லைன் சுற்றும் கருவி) வாங்கினால் பாஸ் மீன் கூடுதலாகக் கிடைக்குமா?

மிதவை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. "கருவியில் ஒன்றுமில்லை, எல்லாம் கையில்தான்" என்பவர்களும் "மட்டமான ராட்டைத் தூக்கிக்கொண்டு பாஸ் பிடிக்கப் போகாதே" என்பவர்களும் பேச்சைப் பொத்தாம்பொதுவாகவே விட்டுவிடுகிறார்கள். நான் கேட்பது குறிப்பாக ஒன்று. ஒரே ஏரி, ஒரே லூர் (செயற்கை இரை), ஒரே லைன் (தூண்டில் நரம்பு). ஒருவர் கையில் தொடக்கநிலை செட், இன்னொருவர் கையில் பத்து மடங்கு விலையுள்ள செட். வித்தியாசம் எந்த இடத்தில் தெரியும், எந்த இடத்தில் தெரியாது? இருக்கிற பணத்தை முதலில் எதில் போடுவது? பெரிய வாய் கொண்ட நன்னீர் மீனான லார்ஜ்மவுத் பாஸை மட்டும் வைத்துப் பேசினால் போதும்.

நூல்முடிச்சு

மீனின் வாயிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முள், முடிச்சு, லைன், டிராக் (மீன் இழுத்தால் லைனை அளவாக நழுவவிடும் ரீலின் பிடிப்பு), ராட், கடைசியில் ரீல். முதல் நான்கிலும் பெரிய செலவே இல்லை, ஆனால் மாட்டிய மீன் தப்புவது பெரும்பாலும் அந்த நான்கில்தான்.

முள் முனையை நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் பிடித்து நின்றால் கூர் இருக்கிறது. வழுக்கினால் தீட்டுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். கல்லில் ஒருமுறை இடித்தாலே முனை கண்ணுக்குத் தெரியாத அளவு மடங்கிவிடும். எவ்வளவு நல்ல ராட்டாக இருந்தாலும் மடங்கிய முனையைக் கெட்டியான தாடைக்குள் ஏற்ற முடியாது.

முடிச்சில் பாலோமார் ஒன்றை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் போதும். பின்னல் லைனில் சாதாரண கிளிஞ்ச் முடிச்சு வழுக்கும். ஃப்ளூரோகார்பன் என்ற ஒற்றை இழை லைனில் வேறு தொல்லை: உலர்ந்த நிலையில் வெடுக்கென்று இறுக்கினால் உரசல் சூட்டில் லைன் அந்த இடத்திலேயே பலமிழக்கும். நன்றாக ஈரமாக்கி மெதுவாக இறுக்க வேண்டும். பாலோமாரில் இரட்டை இழைகள் பக்கம் பக்கமாகப் படிய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் இறுகும்போது ஒன்று மற்றதை வெட்டும்.

லைன் அறுந்தால் சலித்துக்கொண்டு உடனே புது முள் கட்டாதீர்கள், அறுந்த நுனியைப் பாருங்கள். சுருள் சுருளாக இருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. சொரசொரப்பாக இருந்தால் கல்லிலோ கட்டையிலோ உரசியிருக்கிறது. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி மூன்று அடியை விரல் நகங்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்து, சிராய்ப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

டிராக்கைக் கை மதிப்பில் வைக்காதீர்கள். லைன் நுனியில் சிறிய தொங்கு தராசை மாட்டி, ராட்டை மீனோடு போராடும் கோணத்தில் வளைத்துப் பிடித்து இழுங்கள். 12 பவுண்ட் லைனுக்கு 3 முதல் 4 பவுண்டில் டிராக் நழுவத் தொடங்க வேண்டும், அதாவது லைன் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு.

தனிஓடம்

நூல்முடிச்சு சொன்னது எல்லாம் மீன் கடித்த பிறகு நடப்பது. கடிக்க வைப்பதுதான் பெரிய பாதி. அதில் ராட் விலைக்கு வேலையே இல்லை.

வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த லார்ஜ்மவுத் 22 பவுண்ட் 4 அவுன்ஸ், கிட்டத்தட்ட 10 கிலோ. கார்பன் ராட், ஃப்ளூரோகார்பன், சோனார் (ஒலியால் நீரடியைக் காட்டும் கருவி) எதுவுமே இல்லாத காலம். அந்த எடையை யாரும் தொடவே 2009 வரை ஆனது. அந்த ஆண்டு ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்தது ஒரு அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகத்தான் கூடுதல். சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது பன்னாட்டு மீன்பிடி சங்கத்தின் விதி. அதனால் இருவரும் சமம் என்றே பதிவாகியிருக்கிறது. குரிடா போட்டது உயிருள்ள புளூகில் மீன், விலை உயர்ந்த லூர் அல்ல.

இன்னொன்று, முதல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் மீன்பிடிப் போட்டி, 1971, அமெரிக்காவின் மீட் ஏரி. 24 போட்டியாளர்கள். எந்த ஏரி என்பது விமானம் கிளம்பிய பிறகுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. கொண்டுவரும் தூண்டில் சாமான்களுக்கு 10 பவுண்ட் எடைக் கட்டுப்பாடு. படகும் எல்லோருக்கும் ஒரே மாதிரி. அப்படி எல்லாவற்றையும் சமமாக்கிய பிறகும் ஒருவர் ஜெயித்தார், பாபி மர்ரே. தெரியாத தண்ணீரைப் படிக்கத் தெரிந்ததற்குக் கிடைத்த வெற்றி அது.

ஆழ்நீர்

தனிஓடம் அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன். 1932ஐக் காட்டி இன்றைய ராட்டைத் தள்ளிவிட முடியாது. ஒரே ஒரு பெரிய மீன் அதிர்ஷ்டத்திலும் வரும். நாள் முழுக்க இருபது அடி ஆழத்தில் தரையைத் தடவிக்கொண்டிருக்கும்போது நடப்பது வேறு.

டெக்சஸ் ரிக் என்ற கட்டு முறையை எடுத்துக்கொள்வோம். 3/0 அளவு அகல வளைவு முள், 7 கிராம் குண்டு, ஏழு அங்குல பிளாஸ்டிக் புழு. பாஸ் அதை உறிஞ்சும்போது கையில் வருவது பல நேரம் ஒரே ஒரு 'டிக்' மட்டும்தான். சில நேரம் அதுவும் இல்லை, குண்டின் கனம் காணாமல் போகும், அல்லது லைன் பக்கவாட்டில் நகரும். பிடிக்கவில்லையென்றால் பாஸ் அதே வேகத்தில் துப்பிவிடும். கனமான, மந்தமான ராட்டில் இந்த 'டிக்' கைப்பிடிக்கு வருமுன்னே செத்துவிடுகிறது. உயர் மாடுலஸ், அதாவது விறைப்பு கூடிய, கார்பனில் அதே விறைப்புக்குக் குறைந்த பொருள் போதும், அதனால் ராட் எடை குறைகிறது, அதிர்வு தங்காமல் கைக்கு வருகிறது. இது விளம்பரப் பேச்சு அல்ல. கூழாங்கல், சேறு, கட்டை மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல முடிகிற ராட்டும் இருக்கிறது, முடியாத ராட்டும் இருக்கிறது.

டிராக்கும் அப்படித்தான். மலிவு ரீலில் டிராக் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்பது சிக்கல் இல்லை. நின்ற நிலையிலிருந்து நகரத் தொடங்கும்போது ஒட்டிக்கொண்டு திடீரென்று விடுகிறது. 6 பவுண்ட் லைனில் படகருகே மீன் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும்போது அந்த அரை நொடியில் லைன் போய்விடும்.

பாசிக்கரை

ஆழ்நீர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது டெக்சஸ் ரிக், ஜிக் (தலையில் எடை வார்த்த முள்), டிராப் ஷாட் போல தரையோடு செய்யும் வேலைக்கு மட்டும். இதையே, சுற்றும்போது நீருக்குள் ஆடி ஓடும் மீன் வடிவ லூரான கிராங்க்பெயிட்டுக்குச் சொன்னால் தலைகீழாகிவிடும்.

கிராங்க்பெயிட்டில் இருப்பவை மெல்லிய மும்முள்கள். மீன் பின்னாலிருந்து வந்து லூரைக் கவ்வி வாயை மூடுவதற்குள், நுனி மட்டும் வளையும் விறைப்பான வேக ஆக்‌ஷன் ராட் அதை வாயிலிருந்து பிடுங்கிவிடும். மாட்டினாலும் மீன் தலையை ஆட்டும்போது முள் துளை அகலமாகிக் கழன்றுவிடும். நடு ஆக்‌ஷன் உள்ள, பாதி வரை வளையும் கண்ணாடியிழை ராட் இங்கே நன்றாக வேலை செய்யும். அது பொதுவாக விலையும் குறைவு, எடையும் கூடுதல். 'டிக்' தெரிய வேண்டிய அவசியமே இல்லை, மீன் அடித்தால் ராட் தானாகவே வளையும். சுண்டி இழுக்கவும் கூடாது. ராட்டைப் பக்கவாட்டில் சாய்த்து, சுற்றுவதை நிறுத்தாமல் இழுத்தபடியே இருக்க வேண்டும். ரீலின் கியர் விகிதமும் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு லைன் உருளை சுற்றும் எண்ணிக்கை) 5:1க்குப் பக்கத்தில் இருந்தால் கை அலுக்காது.

அல்லி இலை மேலே தவளை லூர் போடுபவருக்கு மூன்றாவது கணக்கு. 7 அடி ஹெவி ராட், 50 முதல் 65 பவுண்ட் பின்னல் லைன், டிராக் முழுக்க இறுக்கம். நூல்முடிச்சு சொன்ன மூன்றில் ஒரு பங்கு கணக்கு இங்கே பொருந்தாது. டிராக் நழுவினால் மீன் தண்டுகளைச் சுற்றிக்கொண்டுவிடும். தண்ணீர் வெடித்தவுடன் சுண்டாதீர்கள். லூர் மறைந்து, லைனில் மீனின் கனம் தெரிந்த பிறகு முழுத் தோளையும் போட்டு இழுங்கள். தவளை லூரில் மீன் தப்புவதற்கு முதல் காரணம் அவசரம், ராட் அல்ல.

ஆகவே "விலை கூடியதா" என்று கேட்பதற்கு முன் "எந்த வேலைக்கு" என்று கேளுங்கள். வேலைக்குப் பொருந்தாத உயர்விலை ராட்டை விடப் பொருந்திய நடுத்தர ராட் அதிக மீனைக் கரைக்குக் கொண்டுவரும்.

மிதவை

இது புரிகிறது, நன்றி. கூடவே ஒரு சந்தேகம். வீசும்போது லைன் உருளையே சுழலும் பெயிட்காஸ்டர் ரீலில் சிக்கு விழுவது மலிவு ரீலாலா? விலை கூடிய ரீலில் அது நின்றுவிடும் என்று பலர் எழுதுகிறார்கள்.

ஈயக்குண்டு

நிற்காது தம்பி. சிக்கு விழக் காரணம் ஒன்றுதான்: லூர் வேகம் குறைந்துவிட்டது, ஸ்பூல் (லைன் உருளை) அதைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விலை கூடிய ரீலில் ஸ்பூல் இலகு, பேரிங் நன்றாக ஓடும், அதனால் லேசான லூரும் தூரம் போகும். அதே காரணத்தால் கட்டைவிரல் பழகாதவருக்கு அதில் இன்னும் மோசமாகவே சிக்கு விழும்.

செட் செய்யும் முறை இது. லூரைக் கட்டி, ராட்டைக் கிடைமட்டமாக நீட்டி, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்திவிடுங்கள். கைப்பிடிப் பக்கம் இருக்கும் டென்ஷன் திருகை, லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டவுடன் ஸ்பூல் நிற்கும் அளவுக்கு வையுங்கள். அதன் பிறகும் ஓரிரு சுற்று ஓடினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். மறுபக்கத்து பிரேக்கை, காந்தமோ மையவிலக்கோ எதுவானாலும், முக்கால் பங்குக்கு மேலேயே வைத்துத் தொடங்குங்கள். தூரத்தை மறந்துவிட்டு பதினைந்து மீட்டருக்குள் போடுங்கள். லூர் தண்ணீரைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் ஸ்பூலை முழுக்க நிறுத்தியிருக்க வேண்டும். இது பழகியதும் பிரேக்கை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். லூர் எடை மாறினால் டென்ஷனை மறுபடி பாருங்கள். பெரும்பாலான சிக்கு இந்த ஒன்றை மறப்பதால்தான். அடுத்த காரணம் எதிர்காற்று. அப்போது பிரேக்கைக் கூட்டி, ராட்டைத் தாழ்வாக வீசுங்கள்.

சிக்கு விழுந்துவிட்டால் கண்டபடி பிடுங்காதீர்கள். டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திப் பிடித்தபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானை அழுத்தி லைனை மெதுவாக உருவுங்கள். பல சிக்கல்கள் இதிலேயே அவிழ்ந்துவிடும். டிராக்கைப் பழைய அளவுக்குத் திருப்பி வைக்க மறக்கக் கூடாது.

பின்னல் லைன் சுற்றுபவர்களுக்கு: ஸ்பூலில் முதலில் சில சுற்று தங்கூசி நரம்பு சுற்றி, அதன் மேல் பின்னலைக் கட்டுங்கள். நேராகச் சுற்றினால் மொத்தப் பின்னலும் ஸ்பூல் மேலேயே வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் ரீலையே மாற்றுகிறார்கள்.

தனிஓடம்

ஆழ்நீர், அதிர்ஷ்டம் என்று சொன்னீர்களே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மீன் இருக்கும் இடத்தில் லூரை வைத்திருப்பதை நான் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தண்ணீர் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் பாஸின் உடல் இயக்கமே மந்தம். அப்போது வேகமாக ஓடும் லூரைத் துரத்தாது. ஜிக்கைத் தரையில் வைத்துவிட்டு, சலிப்பு வரும் அளவுக்கு அசையாமல் விட வேண்டும். 16 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் முட்டையிடக் கரையோரம் வரும், கெட்டித் தரையுள்ள ஆழம் குறைந்த மூலைகளுக்கு. கோடையில் வளமான ஏரிகளில் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து, கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அடுக்குகள் பிரியும் எல்லைக்குக் கீழே லூரை ஓட்டுவது வெறும் உழைப்பு. ஒரு சாதாரண வெப்பமானி இருந்தால் இவற்றில் பாதியைக் கணித்துவிடலாம்.

காற்று இன்னொன்று. காற்று எந்தக் கரையில் மோதுகிறதோ அங்கே மிதவை உயிரிகள் ஒதுங்கும், அவற்றைத் தேடிச் சிறு மீன், சிறு மீனைத் தேடி பாஸ். மேற்பரப்பு கலங்குவதால் வெளிச்சம் உடைந்து மீனின் கூச்சமும் குறையும். வீச வசதியாக இருக்கிறதே என்று காற்றில்லாத கரையைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு.

அடுத்து குறி. மூழ்கிய கட்டையின் நிழலில் நிற்கும் பாஸுக்கு லூர் ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் பல நாள் அது இருப்பதாகவே கணக்கில்லை. தரையில் ஒரு கிண்ணத்தை எட்டு மீட்டரில் வைத்து, முள் இல்லாத எடையைத் தாழ்வாக, சத்தமில்லாமல் அதில் இறக்கப் பழகுங்கள். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்றுமுன் ராட் முனையை லேசாக உயர்த்தினால் 'தொபீர்' என்ற சத்தம் குறையும்.

ஆழ்நீர்

இடம் கண்டுபிடிப்பது என்று வந்துவிட்டால் சோனாரைப் பேசாமல் விட முடியாது. விலை கூடிய கருவி உண்மையாகவே ஆட்டத்தை மாற்றியது அங்கேதான். 2018ல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற நேரடிப் படச் சோனார் வந்த பிறகு, படகுக்கு முன்னால் இருக்கும் மீனையும், அதை நோக்கிப் போகும் லூரையும், மீன் திரும்புகிறதா விலகுகிறதா என்பதையும் அந்தக் கணத்திலேயே திரையில் பார்க்கலாம். திறந்த தண்ணீரில் மிதந்து திரியும் பாஸை முன்பு பெரும்பாலும் யூகத்தில்தான் தேடினார்கள். இப்போது அவற்றைக் குறிவைத்தே பிடிக்கிறார்கள். போட்டிகளை நடத்தும் அமைப்புகளே இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கின்றன. பலன் இல்லாத கருவிக்கு யாரும் கட்டுப்பாடு போட மாட்டார்கள்.

நூல்முடிச்சு

அது சரி ஐயா, மறுக்கவில்லை. ஆனால் சோனார் வாங்கியவர்களில் பலர் திரையைப் படிக்காமல் படத்தைப் பார்க்கிறார்கள். சாதாரண 2டி சோனாரில் ஒலி 20 டிகிரி கூம்பாகப் பரவுகிறது என்றால், தரையில் அது பார்க்கும் வட்டத்தின் விட்டம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதல். 20 அடி ஆழத்தில் 7 அடி அகல வட்டம். அதற்கு வெளியே கட்டை இருந்தாலும் திரையில் வராது. "இங்கே மீனே இல்லை" என்று கிளம்புபவர் அந்த 7 அடியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். திரையின் வலது ஓரம்தான் இப்போது நடப்பது, இடப்பக்கம் போனதெல்லாம் கடந்துவந்தது. தானியங்கி அமைப்பை விட்டு உணர்திறனைக் கையால் கூட்டினால், தனிஓடம் சொன்ன அந்த நீரடுக்கின் எல்லை மங்கலான ஒரு கோடாகத் திரையில் தெரியும். ஏற்கெனவே கையிலிருக்கும் மலிவு சோனாரிலேயே இவ்வளவும் கிடைக்கும்.

மீனைப் பார்ப்பதும் அதைக் கடிக்க வைப்பதும் தனித்தனி வேலைகள். லைவ்ஸ்கோப்பில் லூரைப் பின்தொடர்ந்து வந்து திரும்பிப் போகும் மீன்களை வரிசையாகப் பார்க்கலாம். அந்த நேரத்தில் லூர் எடையைக் குறைப்பதா, வேகத்தைக் கூட்டுவதா என்பதைத் திரை சொல்லாது.

மிதவை

கரையிலிருந்து போடுபவருக்கு சோனார் பேச்சு பொருந்தாதே. அவருக்குப் பட்டியல் போட்டால் என்ன வரும்? டங்ஸ்டன் குண்டு தேவையா?

ஈயக்குண்டு

டங்ஸ்டன் ஈயத்தை விட அடர்த்தி கூடியது, கெட்டியானது. அதே எடைக்கு உருவம் சிறியது, பாசியில் நுழைவது சுலபம், கல்லில் தட்டும்போது அதிர்வு தெளிவாக வரும். ஆழத் தரையில் வேலை செய்பவர் வாங்கலாம். கரையிலிருந்து கட்டை இடுக்குகளில் போட்டு நாளைக்கு நான்கைந்து குண்டு பறிகொடுப்பவருக்கு ஈயமே போதும், ஈயத்துக்குத் தடை இல்லாத தண்ணீராக இருந்தால்.

புழுவை முள்ளில் நேராக ஏற்றுவதில் கவனம் வையுங்கள். ஒருபக்கம் மடிந்திருந்தால் புழு தண்ணீரில் சுழலும், லைன் முறுக்கேறும். எடையே இல்லாமல், ஐந்து அங்குல உப்பு கலந்த குச்சிப் புழுவின் நடுவில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, வளையத்துக்கு அடியில் 1/0 முள்ளைச் செருகினால் அதுதான் வாக்கி ரிக். போட்டுவிட்டு லைனைத் தளர்வாக விடுங்கள், இரு நுனியும் துடித்துக்கொண்டே இறங்கும். கடி பெரும்பாலும் இறங்கும்போதே வரும், கையில் தெரியாது. தண்ணீர் மேல் கிடக்கும் லைனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அது தெரியும். இந்த ஒரு ரிக்கில் மலிவு ராட்டும் உயர்விலை ராட்டும் ஏறக்குறைய சமம்.

ஸ்பின்னிங் ரீல் (வீசும்போது ஸ்பூல் சுழலாதது) என்றால் லைனைப் பிடிக்கும் பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள். மூடியதும் லைனை ஒருமுறை இழுத்துவிட்டுப் பிறகு சுற்றுங்கள். தளர்ந்த வளையம் ஸ்பூலில் விழாது, அடுத்த வீச்சில் கொத்தாகக் கிளம்பவும் செய்யாது.

பாசிக்கரை

கரைக்காரருக்கு என் வரிசை இது. 7 அடி மீடியம் அல்லது மீடியம் ஹெவி ஸ்பின்னிங் ராட் ஒன்று, வேக ஆக்‌ஷன். 2500 அல்லது 3000 அளவு ரீல், டிராக் ஒட்டாமல் சீராக நழுவுகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்து எடுத்தது. 15 பவுண்ட் பின்னல், நுனியில் ஆறு அடி 10 பவுண்ட் ஃப்ளூரோகார்பன், இரண்டையும் சேர்க்க இரட்டை யூனி முடிச்சு. நல்ல முள்ளில் தாராளமாகச் செலவு செய்யுங்கள். இரண்டு வகைப் புழு, சுழலும் தகடு கொண்ட ஒரு ஸ்பின்னர்பெயிட், ஒரு ஆழமற்ற கிராங்க்பெயிட். கிராங்க்பெயிட் ஒருபக்கமாக விலகி ஓடினால் தூக்கிப்போட வேண்டாம். அது விலகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, லைன் கட்டும் கண்ணைச் சிறு குறடால் மயிரிழை அளவு வளைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

இவை எல்லாம் கையோடு பழகி, தரையில் குண்டு எதில் தட்டுகிறது என்று தெரியாமல் தவிக்கும் கட்டம் வந்தால் அப்போது ஆழ்நீர் சொல்லும் ராட்டை வாங்குங்கள். அப்போது அதன் வித்தியாசம் முதல் வீச்சிலேயே தெரியும்.

ஆழ்நீர்

பாசிக்கரையின் வரிசைக்கு உடன்படுகிறேன். வாங்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. உயர் மாடுலஸ் ராட் விறைப்பானது, அடி தாங்காது. கனமான லூர் வீச்சில் வந்து ராட்டில் மோதினாலோ, படகு விளிம்பில் தட்டினாலோ கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பிறகு ஒருநாள் சின்ன மீனுக்கே முறியும். மீனைக் கையருகே கொண்டுவரும்போது ராட்டைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்காதீர்கள். முழு வளைவும் நுனிக்குப் போய் அங்கேயே முறியும். மீனை ராட்டால் தூக்காமல் குனிந்து கீழுதட்டைப் பிடித்து எடுங்கள், பெரிய மீனுக்கு இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுங்கள்.

மாதம் ஒருமுறை ராட்டில் லைன் ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சியைச் சுழற்றிப் பாருங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் உள்வளையத்தில் விரிசல் இருக்கிறது. அந்த வளையத்தை மாற்றும்வரை எந்த லைன் போட்டாலும் அறுந்துகொண்டேதான் இருக்கும்.